செட்டிநாட்டு ஹாலுக்கு ரிசீவரா, ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரா? யமஹா ஆர்எக்ஸ்-வி385, ஏ-எஸ்301 ஒப்பீடு

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக் கரு சேர்த்த சுண்ணாம்பைக் கண்ணாடி போல் தேய்த்த சுவர், பதினாறு அடி உயரத்தில் தேக்கு மச்சு. இப்படி ஒரு ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். ஓசை அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்குவதா, ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் வாங்குவதா என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தக் கைத்தட்டலிலேயே கிடைத்துவிடும்.

ஒரே கம்பெனியின் இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். யமஹா ஆர்எக்ஸ்-வி385 என்பது 5.1 சேனல் ரிசீவர், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் அடியொலிக்கான ஒரு சப்வூஃபருக்கும் ஏற்றது. நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடு, ப்ளூடூத், அறையை அளக்க மைக் எல்லாம் உண்டு. யமஹா ஏ-எஸ்301 வெறும் இரண்டு சேனல். எச்டிஎம்ஐ கிடையாது, ப்ளூடூத் கிடையாது. ஆப்டிகல், கோஆக்சியல் டிஜிட்டல் உள்ளீடு ஒவ்வொன்றும், இசைத்தட்டு ஓட்ட ஃபோனோ உள்ளீடும், சப்வூஃபருக்கு ஒரு வெளியீடும் உண்டு. கேள்விப்பட்டவுடன் முதல் பெட்டியில்தான் சரக்கு அதிகம் என்று தோன்றும். எண்ணிக்கையில் உண்மைதான்.

முதலில் வாட் கணக்கு. ரிசீவர் அட்டைப்பெட்டியில் ஒரு சேனலுக்கு 100 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில், ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 6 ஓம் சுமையில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு), 0.9 சதவீதச் சிதைவில் எடுத்த எண். முழு அலைவரிசையில் இரண்டு சேனலையும் ஓட்டினால் அதே பெட்டிக்குக் கம்பெனியே தரும் எண் 70 வாட். அதுவும் 6 ஓமில். அந்த 70 வாட்டுக்குத் தேவையான வோல்டேஜ் சுமார் 20.5. அதே வோல்டேஜை நம் ஊரில் பெரும்பாலும் விற்கும் 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் கிடைப்பது சுமார் 52 வாட். ஏ-எஸ்301க்கு 8 ஓமிலேயே, 0.019 சதவீதச் சிதைவில், 60 வாட் என்று போட்டிருக்கிறார்கள். ஆக "நூறு", "அறுபது" என்று இரண்டு பெட்டிகளை அடுக்கிக் காட்டும்போது உண்மையில் அறுபதுதான் ஒரு பிடி மேலே இருக்கிறது. ரிசீவரில் ஐந்து சேனலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உறிஞ்சுவதால், சண்டைக் காட்சியில் எல்லாம் சேர்ந்து முழங்கும்போது சேனலுக்கு வருவது இன்னும் குறையும்.

அதற்காக ஒரு பெட்டி 60 வாட், இன்னொன்று 80 வாட் என்று அடித்துக்கொள்ள வேண்டாம். அந்த வித்தியாசம் 1.25 டெசிபெல், காதுக்கு அரிதாகத்தான் தெரியும். 86 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் ஜோடிக்கு ஆளுக்கு ஒரு வாட் கொடுத்தாலே பத்தடி தள்ளி உட்கார்ந்தவருக்கு ஏறக்குறைய 79 டெசிபெல் வரும். தவில் தனியாவர்த்தனம் உச்சத்துக்குப் போகும் கணங்களுக்குத்தான் மீதி வாட் எல்லாம். ஸ்பீக்கர் 86க்குப் பதில் 89 டெசிபெல் என்றால், ஆம்ப்ளிஃபையரின் வாட் இரட்டிப்பானதற்குச் சமம். காசை அங்கே போடுங்கள்.

அறை என்ன செய்கிறது

முப்பதுக்குப் பதினைந்து அடி, பதினாறு அடி உயரமுள்ள ஹால் ஒன்றைக் கணக்கிடுவோம். கொள்ளளவு 7,200 கன அடி. தரை, மச்சு, சுவர் எல்லாம் சேர்த்துப் பரப்பு 2,340 சதுர அடி. கல்லும் தேய்த்த சுண்ணாம்பும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் விழுங்கும். மீதியைத் திருப்பி அடிக்கும். மூன்று பங்கு என்று வைத்தால் மொத்த உறிஞ்சல் 70 அலகு. எதிரொலி அடங்கும் நேரத்துக்கான சேபின் சூத்திரத்தில் போட்டால் கிட்டத்தட்ட 5 விநாடி வருகிறது. பாட்டு கேட்க ஏற்ற அறைக்கு அரை விநாடி போதும். பாடகரின் ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பத்துச் சொல் வந்து அதன்மேல் ஏறி உட்காரும்.

இங்கேதான் பழைய வீட்டின் அமைப்பு கைகொடுக்கிறது. வளவை, அதாவது வீட்டின் நடுவில் உள்ள திறந்த முற்றத்தைப் பார்த்துத் திறக்கும் ஏழடிக்கு நாலடிக் கதவைத் திறந்து வைத்தால், அந்த 28 சதுர அடியும் முழுமையான உறிஞ்சி ஆகிவிடும். வெளியே போன ஒலி வானம் பார்த்துப் போய்விடும், திரும்பாது. இரண்டு கதவைத் திறந்தாலே 56 அலகு கூடி, 5 விநாடி 2.8 ஆக இறங்கும். அதோடு மடிப்பு நிறைய விட்ட கனத்த திரைச்சீலை 150 சதுர அடிக்குத் தொங்கவிட்டால் 1.75 வரை வரும். கோரைப்பாய் விரிப்பதில் பெரிய பலன் இல்லை, அது மெல்லியது. பஞ்சு மெத்தை, கனமான ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டது, மெத்தை வைத்த சோஃபா, இவைதான் வேலை செய்யும். எதுவானாலும் கீழ்ஸ்தாயி ஒலியைத் திரை அடக்காது. அதனால் இப்படிப்பட்ட ஹாலில் பெரிய சப்வூஃபர் வைத்தால் முழக்கம்தான் மிஞ்சும்.

இந்த ஹாலில் 5.1 வைத்தால் என்ன ஆகும்? சுற்றொலியின் அர்த்தமே, பின்னால் வரும் ஓசை பின்னாலிருந்து வருவதாகத் தெரிவது. எதிரொலி இரண்டு விநாடி நீளும் அறையில் எல்லாச் சுவரிலிருந்தும் எல்லாம் வந்துகொண்டே இருக்கும். எது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று காது பிரித்தறியாது. இன்னும் மோசம், ரிசீவரில் ‘5 சேனல் ஸ்டீரியோ’ முறையைத் தட்டிவிட்டுப் பழைய மோனோ சினிமாப் பாட்டு கேட்பது. ஐந்து பெட்டியும் ஒரே பாட்டைக் கூவ, குரல் கிணற்றுக்குள் விழுந்தது போல் ஆகும். பாட்டுக்கு ‘டைரக்ட்’ அல்லது வெறும் ஸ்டீரியோ, அவ்வளவுதான்.

ஆகவே எங்கள் முடிவைச் சொல்லிவிடுகிறோம். வளவு வீட்டின் பெரிய ஹாலுக்கு ஏ-எஸ்301. மாடியில் உள்ள சிறிய அறை, வளவை ஒட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, காரைக்குடியில் செக்காலை, கழனிவாசல் பக்கம் புதிதாகக் கட்டிய வீட்டின் டிவி அறை, இவற்றில் சினிமாதான் முக்கியம் என்றால் ஆர்எக்ஸ்-வி385. வளவை ஒட்டிய அறைகளுக்கு இரண்டடிச் சுவர் இருப்பதால், இரவில் சத்தமாக ஓட்டினாலும் பக்கத்து அறையில் படுத்திருப்பவர்களுக்குத் தொந்தரவு குறைவு. ஒரு சுவர் முழுக்கத் துணி அலமாரி, கட்டில், மெத்தை என்று இருந்தால் எதிரொலியும் தானாக அடங்கிவிடும்.

ஏ-எஸ்301: உட்கார்ந்து கேட்பவருக்கு

இதன் பெரிய பலம் மூன்று. ஒன்று, லவுட்னஸ் குமிழ். இதை வெறும் பாஸ் கூட்டும் பொத்தான் என்று நினைத்துப் பலர் திருகிவிட்டுப் போகிறார்கள். சரியான முறை வேறு: லவுட்னஸை ‘ஃபிளாட்’டில் வைத்து, நீங்கள் கேட்கக்கூடிய அதிகபட்ச சத்தத்துக்கு வால்யூமை ஏற்றுங்கள். பிறகு வால்யூமைத் தொடாமல் லவுட்னஸ் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறையுங்கள். சத்தம் குறையும்போது காது முதலில் இழப்பது அடியொலியையும் உச்சியொலியையும்தான். நடு ஒலியை மட்டும் குறைத்து இந்தக் குமிழ் அந்த இழப்பை ஈடுகட்டும். விடியற்காலையில் வீடு எழும் முன் மெல்ல வைக்கும் சுப்ரபாதத்துக்கு இதைவிட நல்ல வசதி இல்லை.

இரண்டாவது, ஸ்பீக்கர் ஏ, பி தேர்வு. ஹாலில் ஒரு ஜோடி, முகப்புப் பட்டாலையில் இன்னொரு ஜோடி வைத்து, வேண்டியதை மட்டும் ஓட்டலாம். இரண்டையும் சேர்த்து ஓட்டும்போது கவனம்: இரண்டு 8 ஓம் ஜோடி சேர்ந்தால் ஆம்ப்ளிஃபையருக்கு 4 ஓம்தான் தெரியும். ஏற்கெனவே 4 ஓம் அல்லது 6 ஓம் ஸ்பீக்கர்களை இப்படி இரட்டிப்பாக்கினால் சூடேறிப் பாதுகாப்புச் சுற்று ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடும். கல்யாண நாளில் நடுவில் அணைந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மூன்றாவது ஃபோனோ. இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கி சினிமாவுக்குப் போன ஏ.வி. மெய்யப்பன் பிறந்த காரைக்குடி இது. பரணில் தட்டுகள் தூங்கும் வீடுகள் இங்கே இன்னும் உண்டு. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் தேடலாம். ரிசீவரில் ஃபோனோ இல்லை, தட்டு ஓட்ட நினைத்தால் தனியாக ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்க வேண்டும். ஏ-எஸ்301இன் ஃபோனோ, மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்திய தலைக்கு) மட்டும். 78 வேக அரக்குத் தட்டை எல்பி ஊசியால் ஓட்டாதீர்கள். அதன் பள்ளம் ஏறக்குறைய 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசிக்கு வெட்டியது, 0.7 மில் எல்பி ஊசி அடியில் போய் மண்ணை உழும். தட்டும் கெடும், ஊசியும் போகும். ப்ளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரைப் பின்பக்க ‘ஜிஎன்டி’ திருகில் மாட்ட மறந்தால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் விடாமல் வரும்.

குறைகளும் உண்டு. டிவியை ஆப்டிகலில் இணைத்தால் சத்தத்தை டிவி ரிமோட்டில் கூட்டக் குறைக்க முடியாது, இதன் ரிமோட்டையும் தேட வேண்டும். வீட்டில் ஆச்சி தனியாகச் சீரியல் பார்ப்பவர் என்றால் இது சின்ன விஷயமே இல்லை. அடுத்து, மாட்டியவுடன் ‘சத்தமே வரவில்லை’ என்று பெட்டியைத் திருப்பி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. கோளாறு பெட்டியில் இல்லை. டிவி டால்பி குறியீட்டை அனுப்புகிறது. இந்த ஆம்ப்ளிஃபையருக்கு பிசிஎம் எனும் சுருக்காத டிஜிட்டல் ஒலி மட்டும்தான் புரியும். டிவியில் ஒலி அமைப்புக்குள் போய் டிஜிட்டல் வெளியீட்டை ‘ஆட்டோ’விலிருந்து ‘பிசிஎம்’ ஆக்குங்கள். செட்டாப் பெட்டியிலும் தனியாக அதே அமைப்பு இருக்கும், அதையும் மாற்றுங்கள்.

ஆர்எக்ஸ்-வி385: பார்ப்பவருக்கு

செட்டாப் பெட்டி, ஓடிடி ஸ்டிக், ப்ளூ-ரே எல்லாவற்றையும் இதில் செருகிவிட்டு டிவிக்கு ஒரே கேபிள். டிவி ரிமோட்டிலேயே சத்தம் ஏறும், இறங்கும். வசதியில் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. டிவியின் ஒலி அதே கேபிளில் திரும்பி வரும் ஆர்க் வசதி உண்டு, அதன் மேம்பட்ட வடிவமான ஈ-ஆர்க் இல்லை. தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸும் இல்லை. அட்மாஸ் வேண்டும் என்பவர்கள் இதற்கு மேலே உள்ள 7 சேனல் மாடல்களைப் பார்க்க வேண்டும். பதினாறு அடி மச்சில் மேல் ஸ்பீக்கர் தொங்கவிட நினைப்பவர்கள் அந்த ஆசையை அப்படியே விட்டுவிடலாம்.

வைபாவோ எனும் தானியங்கி அளவீட்டில்தான் பலர் தவறுகிறார்கள். மைக்கை சோஃபா முதுகில் சாய்த்து வைக்காதீர்கள். கேமரா ஸ்டாண்டில், உட்கார்ந்திருக்கும்போது காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். மின்விசிறியை அணைத்து, கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்த நேரத்தில் ஓட்டுங்கள். வளவில் புறா குமுறினாலும் ‘நாய்ஸி’ என்று இ-5 பிழை காட்டும். டபிள்யூ-1 எச்சரிக்கை வந்தால் அந்த ஸ்பீக்கரின் கூட்டல் கழித்தல் வயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் பொருட்படுத்த வேண்டாம், சுவர்ப் பிரதிபலிப்பு ஏமாற்றியிருக்கும். சப்வூஃபர் தூரம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அதன் உள்ளேயிருக்கும் ஃபில்டர் ஒலியைத் தாமதிப்பதால் வருவது அது, திருத்தக்கூடாது. திருத்த வேண்டியது ஸ்பீக்கர் அளவு. சின்னப் புத்தக அலமாரி ஸ்பீக்கரைக்கூடச் சில நேரம் ‘லார்ஜ்’ என்று எழுதிவிடும். எல்லாவற்றையும் ‘ஸ்மால்’ ஆக்கி, அடியொலியைச் சப்வூஃபருக்குப் பிரித்தனுப்பும் அலைவரிசையை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: வைபாவோ சத்த அளவையும் தூரத்தையும் ஒலியின் ஏற்ற இறக்கத்தையும் சரிசெய்யும், சுவரில் தங்கி நிற்கும் எதிரொலியைத் துடைக்க அதனால் ஆகாது.

பின் ஸ்பீக்கருக்கு வயர் இழுப்பது பழைய வீட்டில் பெரும்பாடு. தேய்த்த சுண்ணாம்புச் சுவரில் டிரில் போட்டால் சுற்றிப் பொருக்கு விடும். அதே பளபளப்பை மறுபடி கொண்டுவரும் கொத்தனார் கிடைப்பது அரிது. சுவரைத் தொடாமல் நிலைக்கட்டையின் ஓரமாகவும் தரையும் சுவரும் சேரும் மூலையிலும் வயரைக் கொண்டுபோய், பின் ஸ்பீக்கரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அதுவும் முடியாது என்றால் ஐந்து பெட்டியையும் முன்னாலேயே வைக்கும் ‘விர்ச்சுவல் சினிமா ஃப்ரண்ட்’ அமைப்பு இதில் இருக்கிறது. உண்மையான பின்னொலிக்கு ஈடில்லை என்றாலும் சின்ன அறையில் ஏமாற்றம் தராது.

வயர், எர்த், வோல்டேஜ்

கடையில் பளபளவென்று விற்கும் ஒளி ஊடுருவும் ஸ்பீக்கர் வயரில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரு இழையை ப்ளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். வீட்டு வயரிங்குக்கு விற்கும் பல இழைச் செம்பு வயரில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று வாங்கி முறுக்கிக்கொண்டால் போதும். ஐம்பது அடி தூரத்துக்கு, போக வர, 1 சதுர மில்லிமீட்டர் வயரில் அரை ஓம் தடை சேர்ந்துவிடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓமுக்குள் இருக்க வேண்டும். 1.5 தாங்கும், 2.5 நிம்மதி. கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

பழைய கட்டுகளில் இன்னும் எர்த் இல்லாத இரண்டு பின் சாக்கெட் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவில் வருகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டைத் தாண்டாமல் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். சிவகங்கைச் சீமையின் காய்ந்த மண்ணில் எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றாவிட்டால் எர்த் இருந்தும் இல்லாதது மாதிரிதான். எல்லாம் சரியாக இருந்தும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் டிவியின் பின்னால் உள்ள கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சுழற்சி அந்த வழியாக வருகிறது. ஆப்டிகலுக்கு மாறினால் தீரும். எர்த் பின்னை வெட்டி இரைச்சலை நிறுத்தும் வழக்கம் உயிருக்கு ஆபத்து.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் பெட்டி 120 வோல்ட். வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் அதோடு முடிந்தது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருவது நம் வோல்டேஜிலேயே ஓடும், பிளக் மட்டும் சதுரப் பின். ஆனால் இந்தியாவில் வாரன்டி கேட்கும்போது பில் எந்த ஊருடையது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

இடி மின்னல் நேரத்தில் கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. ரிசீவருக்கு எச்டிஎம்ஐ, டிஷ் வயர் வழியாகவும் அடி வரும். முதலில் சாவது எச்டிஎம்ஐ பலகை, பழுது பார்க்கச் செலவு பிடிப்பதும் அதுவே. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் அந்தப் பலகையே இல்லாததால் பதினைந்து இருபது வருடம் அமைதியாக ஓடும். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடு என்றால் இந்த ஒரு காரணமே போதும், ஸ்டீரியோ பக்கம் சாய. பூட்டிப் போகும்போது எல்லா வயரையும் கழற்றி, பல்லியும் எறும்பும் காற்றுத்துளை வழியே நுழையாதபடி துணியால் மூடுங்கள். திரும்பி வந்ததும் துணியை எடுத்துவிட்டு, தேர்வுக் குமிழ்களைப் பத்து முறை இப்படியும் அப்படியும் திருகுங்கள். ஒரு பக்கம் சத்தம் வராமல் கரகரப்பது பெரும்பாலும் அதிலேயே சரியாகும். தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடி ஓட்டுவது இரண்டு பெட்டிக்குமே ஆகாது. மேலே ஒரு அடி, பக்கவாட்டில் எட்டு அங்குலம் காலியாக விடுங்கள்.

இரண்டும் வேண்டும் என்றால்

ரிசீவரையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே ஜோடி ஸ்பீக்கரில் நேரடியாக இணைத்துவிடாதீர்கள். ஒன்றின் வெளியீடு மற்றதற்குள் பாய்ந்து இரண்டும் எரியும். முறையான வழி, ரிசீவரின் முன் சேனல் ப்ரீ-அவுட்டிலிருந்து (வாட் ஏற்றாத மெல்லிய சிக்னல் வெளிவரும் துளை) ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுப்பது. வி385இல் சப்வூஃபருக்குத் தவிர ப்ரீ-அவுட் இல்லை. அந்த சிக்னலை வால்யூம் குமிழைத் தாண்டி நேரே வாங்கும் ‘மெயின் இன்’ ஏ-எஸ்301இல் இல்லை. அதனால் இந்த இரண்டையும் ஒரே ஜோடி ஸ்பீக்கருக்காகச் சேர்த்து வாங்குவதில் பொருள் இல்லை. பின்னால் சேர்க்கும் எண்ணம் இருந்தால், டெனான் ஏவிஆர்-எக்ஸ்3800எச் போல எல்லாச் சேனலுக்கும் ப்ரீ-அவுட் உள்ள ரிசீவரையும், ‘மெயின் இன்’ அல்லது ‘பவர் ஆம்ப் இன்’ என்று பின்பக்கம் எழுதியுள்ள ஆம்ப்ளிஃபையரையும் பாருங்கள்.

இடைப்பட்ட வழியும் உண்டு. மராண்ட்ஸ் என்ஆர்1200 இரண்டே சேனல், 75 வாட், ஐந்து எச்டிஎம்ஐ உள்ளீடு, ஃபோனோ. சின்னதாக வேண்டும் என்றால் வீம் ஆம்ப்: 8 ஓமில் 60 வாட், எச்டிஎம்ஐ ஆர்க், சப்வூஃபர் வெளியீடு, ஆனால் தட்டு ஓட்டத் தனி ப்ரீஆம்ப் வேண்டும். டிவி ரிமோட்டும் வேண்டும், இரண்டு நல்ல ஸ்பீக்கரும் போதும் என்ற வீட்டுக்கு இவை ஏ-எஸ்301ஐவிடப் பொருத்தம் என்றே சொல்வோம்.

கையில் ஒரு லட்சம் இருந்தால் ஸ்டீரியோ வழியில் ஸ்பீக்கருக்கு 55, ஆம்ப்ளிஃபையருக்கு 35, மீதி வயர், ஸ்டாண்ட், திரைச்சீலை. அதே ஒரு லட்சத்தை 5.1இல் போட்டால் ஐந்து பெட்டியும் சப்வூஃபரும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றும் சுமாராகத்தான் அமையும். கேட்டுப் பார்த்து வாங்க மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருக்கும். போகும்போது கடைக்காரர் போடும் டெமோவுக்குக் காது கொடுக்காமல், பழகிய நாகஸ்வரக் கச்சேரி ஒன்றையும் வசனம் அதிகமுள்ள காட்சி ஒன்றையும் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். வீட்டில் ஸ்பீக்கர்களை ஏழடி இடைவெளியில், சுவரிலிருந்து இரண்டு மூன்றடி முன்னால் தள்ளி வைத்து, ஏழடி தூரத்திலேயே உட்காருங்கள். எதிரொலிக்கும் ஹாலில் தூரம் போகப் போகச் சுவர்தான் அதிகம் கேட்கும். அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் பத்திரப்படுத்துங்கள். ஒன்பது கிலோ ஆம்ப்ளிஃபையரைச் சர்வீஸுக்குப் பஸ்ஸில் கொண்டுபோகும் நாளில் அது வேண்டும்.